ஆண்டவரிடம் முறையிடுவது எப்படி

என் தங்கை போனபோது அவளுக்கு 34 வயது. கல்லறைத் தோட்டத்தில் இருந்து வீட்டுக்குத் திரும்பி, பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." நானும் தலையாட்டினேன். "ஆமா, அவருடைய சித்தம்" என்று திருப்பிச் சொன்னேன், எல்லாருக்கும் காபி கொடுத்தேன். அப்புறம் பதினோரு மாதம் என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன், வாய் பாடியது. ஆனால் ஆண்டவரோடு எனக்குப் பேச்சே இல்லை. சண்டை போட்ட வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் "சாப்பாடு எடுத்து வைக்கவா", "ம்" என்று மட்டும் பேசிக்கொண்டு நாளை ஓட்டுவார்களே, அப்படி.

இப்போது அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சாவு, தீராத வியாதி, பிள்ளை இல்லாத வருஷங்கள், ஏமாற்றிவிட்டுப் போன கூட்டாளி, எதுவாகவும் இருக்கட்டும். உள்ளே கோபம் இருக்கிறது, ஆனால் அதை ஆண்டவரிடம் சொன்னால் பாவம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். வாயைத் திறக்கலாம். எப்படித் திறப்பது என்று வேதப்புத்தகத்திலேயே இருக்கிறது, நமக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில், இது அவிசுவாசமா?

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்னது, பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு. முதல் அதிகாரம். அதைத்தான் துக்க வீட்டில் சொல்லுகிறோம். அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், அதில் இருந்து 31ஆம் அதிகாரம் வரைக்கும் நண்பர்களோடு வாதாடுகிறான், நடுநடுவே நேராகத் தேவனைப் பார்த்தே கேட்கிறான், என் உமிழ்நீரை விழுங்கக்கூட விடமாட்டீரா என்கிறான். நண்பர்கள் மூன்று பேரும் தேவனுக்காகப் பரிந்து பேசுகிறார்கள், அழகழகான வார்த்தைகள். கடைசி அதிகாரத்தில் தேவன் யார்மேல் கோபப்படுகிறார் என்று பாருங்கள். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்த நண்பர்களிடம் சொல்கிறார். அத்தனை அதிகாரம் கத்தினவன் பேசினதுதான் நிதானமாம். நாம் என்னவென்றால் யோபுவை முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

"வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் அழிந்தார்களே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் இருந்தது. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்தால் பதில் கிடைக்கும். எகிப்தில் இருந்து மோசே நடத்திக்கொண்டு வந்த ஜனங்கள், வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னா என்ற ஆகாரம் சலித்துப்போய் இறைச்சி கேட்டு, அவரவர் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். மோசேயும் அதே அதிகாரத்தில்தான் அழுகிறான், இன்னும் மோசமாக. இந்த ஜனங்களை நானா பெற்றேன், என்னால் சுமக்க முடியாது, இப்படி வைப்பதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறான். ஜனங்கள்மேல் தேவனுக்குக் கோபம் வருகிறது. மோசேக்குப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்களைக் கொடுக்கிறார். ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். மோசே தேவனிடத்தில் பேசினான். நான் பார்த்தவரைக்கும் வித்தியாசம் அதுதான், அந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் இனி நான் சொல்லப்போவது எல்லாம் நிற்கிறது.

என் ஆச்சிக்கு இதை யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை. பெரிய மாமா பம்பாய்க்கு வேலைக்குப் போய், முதலில் மாதம் ஒரு கடிதம், அப்புறம் கிறிஸ்மஸுக்கு மட்டும், அப்புறம் ஒன்றுமே இல்லை என்று மூன்று வருஷம் போனது. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைப்பாள். கை பாட்டுக்கு வேலை பார்க்கும், உமி பறக்கும், கல்லைப் பொறுக்கி முற்றத்தில் எறிவாள், வாய் மட்டும் ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருக்கும். "ஒம்ம பிள்ள மூணாம் நாளு எந்திச்சு வந்துட்டாரு. எம் பிள்ளைக்கு மூணு வருஷமாச்சு. ஒமக்குக் காது கேக்கா, கேக்கலையா?" எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும், இடி விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். சபையில் இருந்து வந்த ஒரு அக்கா ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "ஆண்டவர அப்படிப் பேசாதீங்க பெரியம்மா" என்று சொன்னபோது, ஆச்சி சுளகை நிறுத்தாமல் சொன்னாள்: "அவர்கிட்ட சொல்லாம ஒங்கிட்டயா சொல்லச் சொல்லுத?"

எப்படித் தொடங்குவது

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வேதத்தில் சங்கீதம் என்னும் ஜெபப் பாட்டுகளை எழுதின சங்கீதக்காரன் எவ்வளவு ஆத்திரத்தில் இருந்தாலும் கூப்பிடாமல் தொடங்குவதில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. மறந்துவிட்டீர் என்று குற்றம் சாட்டுகிறான், ஆனால் மறந்தவரைத்தான் கூப்பிடுகிறான். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கும் 22ஆம் சங்கீதத்திலும் அந்த "என்" போகவில்லை. பெரிய வெள்ளியன்று எங்கள் ஆலயத்தில் 12 மணியில் இருந்து 3 மணி வரைக்கும் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிப்போம், நாலாம் வார்த்தையாக இது வரும்போது உச்சி வெயில் ஏறியிருக்கும், ஆராதனை முறைத் தாளாலேயே எல்லாரும் விசிறிக்கொண்டிருப்பார்கள். அந்த வார்த்தையை எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன், சிலுவையில் இயேசு ஒரு முறையீட்டுச் சங்கீதத்தைத்தான் வாயில் எடுத்தார், அதாவது இது அவரே பேசின பாஷை என்பது தங்கை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே "ஆண்டவரே" என்றோ "அப்பா" என்றோ, உங்களுக்கு எப்படி வழக்கமோ அப்படிக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் அன்றைக்கு வார்த்தை வரவில்லையா, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு முதல் மூன்று நாள் அதற்கு மேல் வரவில்லை.

அடுத்தது, நடந்ததைச் சொல்லுங்கள். "கஷ்டமா இருக்கு ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். யாரும் "ஐயா, எனக்குச் சிரமமாக உள்ளது" என்று மட்டும் எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். சர்வே எண், எந்தத் தேதியில் யார் வேலியைப் பிடுங்கினார்கள், இதற்கு முன் எத்தனை தடவை மனு கொடுத்தோம், எல்லாம் இருக்கும். அப்படிச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாததா என்று தோன்றும். தெரியும்தான். ஆனால் நீங்கள் அதைச் சொல்லிக் கேட்க வேண்டியது உங்கள் காது.

ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதை நான் ஒரு நோட்டில் எழுதினேன், அதில் முதல் பக்கம் மோரைப் பற்றியது. கடைசி ராத்திரி தங்கை மோர் கேட்டாள், உப்புப் போட்டு. வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் கொடுக்கவில்லை, ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன். காலை நாலு மணிக்கு அவள் போய்விட்டாள். பதினோரு மாதம் நான் ஆண்டவரிடம் பேசாமல் இருந்தது மரணத்தைப் பற்றியோ நித்தியத்தைப் பற்றியோ எழுந்த பெரிய கேள்விகளால் இல்லை, அந்த மோரால்தான். எழுதும்போதுதான் அது தெரிந்தது. "அவள் கடைசியாகக் கேட்டது அரை டம்ளர் மோர், அதைக்கூட அவளுக்கு நீர் கொடுக்கவிடவில்லை" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் பண்ணின முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாவது, "நீர்" என்று சொல்லத் தயங்காதீர்கள். நாம் பேசும்போது "இப்படி ஆயிடுச்சு", "விதி", "காலம் சரியில்லை" என்று யாரையும் தொடாமல் பேசப் பழகியிருக்கிறோம். சங்கீதங்களில் அப்படி இல்லை. 88ஆம் சங்கீதத்தில் "என்னைப் பாதாளக்குழியிலும் இருளிலும் ஆழங்களிலும் வைத்தீர்" என்று வருகிறது. வைத்தது நீர். 77இல் தூக்கம் வராததற்குக்கூட அவர்தான் பொறுப்பு: "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்." 44இல் "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்" என்று தட்டி எழுப்புகிறார்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்று 121இல் வாசிக்கிறோமே, இரண்டும் ஒரே புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன, ஒன்று இன்னொன்றை வெட்டிப் போடவில்லை. ரூத் புத்தகத்தில் வரும் நகோமி புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் அடக்கம் பண்ணிவிட்டு ஊர் திரும்பினபோது, என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள், அதாவது கசப்பானவள், என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்குக் கசப்பைக் கட்டளையிட்டார் என்று தெருவில் நின்று சொன்னாள். அதற்காக அந்தப் புத்தகத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை.

இது யூதர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. நம் மண்ணிலேயே சுந்தரர் இரண்டு கண்ணும் தெரியாமல் தட்டித் தடவி நடந்து, ஒரு கண் காஞ்சிபுரத்தில் திரும்பி, இன்னொன்று இல்லாமல் திருவாரூர் வந்து நின்று, உமக்கே அடிமையாக இருக்கிற எங்களை இப்படி வைத்துவிட்டு நீர் நன்றாக "வாழ்ந்து போதீரே" என்று தன் சாமியிடம் பாடினார். என் பக்தி வேறு, அவர் பக்தி வேறு. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல், திண்ணையில் கேட்டது.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

முறையீட்டில் ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். புலம்பிவிட்டு எழுந்து போய்விடுகிறோம், என்ன வேண்டும் என்று சொல்வதே இல்லை, ஏனென்றால் கேட்டுக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயம். சங்கீதக்காரன் கேட்பது மட்டுமில்லை, காரணமும் காட்டுகிறான். 88இல், மரித்தவர்களுக்கு அதிசயம் செய்வீரோ, செத்துப்போனால் உம்மை யார் துதிப்பார்கள், ஆகவே இப்போதே செய்யும் என்கிற மாதிரி வாதாடுகிறான். நீங்களும் வாதாடலாம். "இந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசுதான் ஆகுது, இதுக்குத் தாயா இருக்க என்னால முடியல, எனக்குப் பெலன் குடும், இல்லன்னா நீரே பாத்துக்கிடும்" என்று தங்கை மகளுக்காக நான் கேட்டேன். என் பேச்சுவழக்கில்தான் கேட்டேன். ஜெபத்துக்கு என்று ஒரு மேடைத் தமிழை வைத்துக்கொண்டு, கிருபையுள்ள, இரக்கமுள்ள என்று அடுக்கிக்கொண்டே போனால் சொல்லவந்தது அதற்குள் புதைந்துபோகும்.

வார்த்தை வராவிட்டால் என்ன செய்வது

ஒரு சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரி முறையீடுகள்தான், நாம் 23யும் 91யும் 121யும் மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பதால் அது தெரிவதில்லை. வியாதிக்கு 6, 38, 88. தூக்கம் வராத ராத்திரிக்கு 77. கூட இருந்தவரே குழி பறித்தால் 55. எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பேனே, நீ என் தோழனாயிற்றே என்று அதில் வரும். வயதாகிக் கையும் காலும் ஓய்ந்த பெரியவர்களுக்கு 71. அக்கிரமம் செய்கிறவன் நன்றாக வாழ்வதைப் பார்த்து வயிறெரிந்தால் 73. கத்தோலிக்கர்கள் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் இவை திருப்பாடல்கள் என்று இருக்கும், எண்கள் இவைதான்.

மனதுக்குள் வாசிக்காதீர்கள், சத்தமாக வாசியுங்கள், வீட்டில் ஆள் இருந்தால் மொட்டைமாடிக்குப் போங்கள், அல்லது குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாசியுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் வாசித்ததும் அதையே உங்கள் வார்த்தையில் ஒருதரம் சொல்லுங்கள். "சத்துரு" என்று வருகிற இடத்தில் உங்கள் சத்துரு யார் என்று பாருங்கள். அது கணையத்தில் வந்த கட்டியாக இருக்கலாம், வட்டிக்காரனாக இருக்கலாம், வீட்டில் இருக்கும் குடியாக இருக்கலாம். அந்தப் பெயரைப் போட்டு வாசியுங்கள்.

பழிவாங்கச் சொல்லும் சங்கீதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் 109யும் 137யும் வாசித்து அதிர்ந்துபோனவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பயங்கரமான வார்த்தைகள்தான், 137இன் கடைசி வசனத்தை என்னால் இன்றைக்கும் சத்தமாக வாசிக்க முடியாது. ஆனால் அங்கே எழுதினவன் கத்தியை எடுத்துக்கொண்டு போகவில்லை, கணக்கை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டான். உங்களுக்குத் துரோகம் செய்தவர்மேல் அந்த அளவுக்கு வெறி இருந்தால், அந்த வெறியையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுங்கள், தெருவில் கொட்டாதீர்கள்.

இன்னொரு வழி எனக்கு உதவியது. புலம்பல் புத்தகம், எருசலேம் பாபிலோனியரால் இடிக்கப்பட்டதற்கு அழுத ஐந்து பாட்டுகள். அவற்றில் முதல் நாலும் எபிரெய அகரவரிசைப்படி எழுதப்பட்டவை. எபிரெயத்தில் 22 எழுத்து, அதனால் 22 வசனம், மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. ஊரே எரிந்து கிடக்கும்போது ஒருவர் எழுத்தெழுத்தாக எண்ணி எழுதியிருக்கிறார். முதலில் எனக்கு அது விசித்திரமாகப் பட்டது, செய்து பார்த்தபோது புரிந்தது. துக்கத்துக்கு முதலும் இல்லை முடிவும் இல்லை, எழுத்துக்கு இருக்கிறது. நோட்டில் அ, ஆ, இ, ஈ என்று 12 உயிரெழுத்தையும் வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொன்றிலும் தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். அ வுக்கு அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வரி வந்தது. ஊ வுக்கு ஊசி. ஔ வரும்போது எழுத ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன், ஔஷதம் என்ற பழைய வார்த்தை வந்தது, எட்டு மாதம் ஏற்றின கீமோவை எல்லாம் அந்த வரியில் எழுதிவிட்டு, நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்தப் புத்தகத்தில் இருந்துதான் "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனத்தை எடுத்துக் காலண்டரில் போட்டு மாட்டுகிறோம். அது நட்டநடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அழுகை. புத்தகத்தின் கடைசி வசனம், எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வி. பதில் வராமலே முடிகிறது.

"ஆனாலும்" என்ற இடம்

13ஆம் சங்கீதத்தில் மொத்தம் ஆறே வசனம். நாலு வசனம் முறையிட்டுவிட்டு, ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறது. நிறைய சங்கீதங்களில் இந்தத் திருப்பம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, நம்முடைய ஜெபமும் ஸ்தோத்திரத்தில்தான் முடிய வேண்டும் என்று இழுத்துக்கொண்டு வரக்கூடாது. நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் அவனுக்கு எத்தனை மாதம் ஆனது என்று நமக்கு யார் சொன்னது? 88ஆம் சங்கீதத்தில் திருப்பமே இல்லை. நண்பர்கள் விலகிப்போனதைச் சொல்லி இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் கடைசியில் ஒரு அல்லேலூயாவை ஒட்டவில்லை. இன்றைக்கு உங்கள் சங்கீதம் நாலு வசனம்தான் என்றால் நாலோடு எழுந்துவிடுங்கள். நாளைக்கு அதே நாலு வசனத்தோடு திரும்ப வாருங்கள். ஐந்தாவது வரும்போது வரட்டும், எனக்கு அது இன்னும் எல்லா நாளும் வருவதில்லை.

அழுகை வந்தால் அழுங்கள். பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுததைப் பார்த்து, ஆசாரியனே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். நான் குடிக்கவில்லை, "கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்றாள். ஊற்றுவது என்றால் குடத்தைக் கவிழ்ப்பது, அதில் அடிமண்டியும் சேர்ந்துதான் வரும். நம் ஊர்ப் பெண்களுக்கு ஒப்பாரி தெரியும், மாரில் அடித்துக்கொண்டு, செத்தவரையும் வைத்தியரையும் தெய்வத்தையும் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். கிறிஸ்தவர்கள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று சில இடங்களில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய இல்லை. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். லாசரு செத்தபோது அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக இயேசுவிடம் வந்து ஒரே குறையைத்தான் சொன்னார்கள், நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்று. மார்த்தாளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுதபோது அவரும் அழுதார். யாருக்குப் பேச்சு, யாருக்குக் கண்ணீர் என்று பார்த்துச் செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் அழுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். முறையீடு "ஏன் இப்படி" என்பதில் இருந்து "நான் இருந்து என்ன" என்பதற்குப் போய்விட்டால், தனியாக ஜெபித்துக்கொண்டு இருக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அந்த நிலையில் சாப்பாடு, தூக்கம், டாக்டர், பக்கத்தில் ஒரு ஆள், இவைதான் முதலில். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், மனநலத்துக்கான அரசு உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. டாக்டரிடம் போவதாலோ மாத்திரை போடுவதாலோ உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

பிள்ளைகள்

தங்கை மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ராத்திரி படுக்கும்போது அவளை ஜெபம் பண்ணச் சொல்வேன், அவளும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை, எல்லாரையும் ஆசீர்வதியும் என்று வேகமாக ஒப்பித்துவிட்டுப் படுத்துவிடுவாள். ஒரு ராத்திரி என் நோட்டை எடுத்து வாசித்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கண்ணை மூடிக் கையைக் கூப்பி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆண்டவரே, எங்கம்மாவ ஏன் எடுத்தீரு? ஒமக்கு அங்க நெறைய பேரு இருக்காங்கல்லா" என்று கேட்டாள். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், திட்டுவேனோ என்று.

திருத்தாதீர்கள். அம்மா பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறாள் என்ற பதிலை அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், அதைச் சொல்ல வேறு நாள் வரும். அவள் கேட்டது உங்களை இல்லை.

நான் "ஆமென்" என்றேன். அவளும் ஆமென் என்று சொல்லிவிட்டு, "பெரியம்மா, நாளைக்கும் இதையே கேக்கலாமா?" என்றாள். கேளு என்றேன்.